அண்ணி கட்டிய இரட்டைக் காயில்

நாத்தனார் ஒருத்தி தன் அண்ணியைப் புகழ்ந்து எழுதினால், எங்கேயோ ஒரு சொத்துத் தகராறு ஒளிந்திருக்கிறது என்றுதான் நாலு பேர் நினைப்பார்கள். தாராளமாகத் தேடிப் பார்க்கலாம், ஒன்றும் அகப்படாது. பதினெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். மாடியில் அண்ணனும் அண்ணியும், கீழே நானும் என் தையல் மெஷினும். முதல் ஐந்து வருஷம் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அதில் தப்பு முழுக்க என் பக்கம். கூடப் பிறந்த அண்ணனை ‘அவன்’ என்றும் வந்த அண்ணியை ‘அவர்’ என்றும் எழுதுகிறேனே என்று யாருக்காவது உறுத்தினால், முழுதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வரட்டும்.

அண்ணியின் வேலை மோட்டார் காயில் கட்டுவது. எரிந்துபோன மோட்டாரைக் கடையில் கொண்டுவந்து போட்டால், கருகிய பழைய கம்பியை வெட்டி எடுத்து, புதுக் கம்பியை அளவாகச் சுற்றி உள்ளே இறக்கி, வார்னிஷ் ஊற்றி, மின் அடுப்பில் காயவைத்து, மறுபடி ஓடவைத்துக் கொடுப்பார். இருபது வயதில் அந்தக் கடைக்கு ரசீது எழுதத்தான் போனார். எட்டு மாதம் எழுதினார். ஒரு வாரம் காயில் கட்டுகிறவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட, ஒரு தொழிற்சாலைக்காரர் கடை வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்க, முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணி ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “நான் கட்டட்டுமா?” என்று கேட்டாராம். எட்டு மாதமும் ஒரு கண் ரசீதில், ஒரு கண் அந்த மனிதரின் கையில் இருந்திருக்கிறது. அந்த மோட்டார் இன்னும் ஓடுகிறது என்று முதலாளி சொல்வார். அவர் வாயில் வருவதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும், ஆனாலும் மீதிப் பாதியே பெரிய விஷயம்தான். இப்போது கடைக்கு வருகிறவர்கள் முதலாளியைக் கேட்பதில்லை, “காயில் அக்கா இருக்காங்களா?” என்றுதான் கேட்கிறார்கள்.

அண்ணன் இவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது, நான்தான் முகத்தைச் சுளித்தேன். “கையெல்லாம் வார்னிஷ் நாத்தம் அடிக்குமே” என்றேன். அண்ணன் கூட்டிவந்து அடுத்த அறையில் உட்காரவைத்திருந்த அவர் காதில் விழட்டும் என்றே சொன்னேன். அவர் எட்டிப் பார்த்து, “கையைக் கழுவிட்டுத்தான் சமைப்பேன், பயப்படாதே” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் ரெண்டு வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தால் எளிதில் இறங்காது.

அவர் காயிலில் சுற்று எண்ணிக்கொண்டிருக்கும்போது மட்டும் வீட்டில் யாரும் அவரைக் கூப்பிட மாட்டோம். சின்ன மோட்டார் வேலைகளை வீட்டுக்கே எடுத்துவந்து சுற்றுவார். சுற்றும்போது உதடு அசையாது, கண் இமைக்காது. “அண்ணி, பூட்டுச் சாவி எங்கே?” என்றால், “நூத்தி நாப்பத்தி ரெண்டு” என்று பதில் வரும். அப்புறம் சாவி கிடைக்கவும் கிடைக்காது, அவருக்கு எண்ணிக்கை தவறவும் தவறாது.

அண்ணன் பகலில் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளன். மாலையில் ஒரு மெல்லிசைக் குழுவில் மின் கிட்டார் வாசிப்பவன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே குழு, ஒரே கிட்டார், ஒரே இடம்: மேடையில் டிரம்ஸுக்கு இடப்பக்கம். பணிமனையில் அவன் யார் என்று கேட்டால் வேலையைச் சொல்ல மாட்டான், “கிட்டாரிஸ்ட்” என்பான். அது ஒன்றைப் பிடுங்கிவிட்டால் அவனிடம் மிஞ்சுவது ஒரு விசிலும் ஒரு கைக்கடிகாரமும்தான். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

அந்த இடத்துக்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது. குழுவுக்கான மேடைச் சட்டைகளை நான்தான் தைக்கிறேன். அளவு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடக்கும் இடத்துக்குப் போயிருந்தேன், துணைக்கு அண்ணியும் வந்திருந்தார். பாட்டுக்கு நடுவே அண்ணனின் கிட்டார் உறுமியது. வாசிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. கையை எடுத்ததும் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல், பழைய குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் படுத்திருப்பது போல. பாடுகிறவர் மெதுவான இடத்தில் குரலை இறக்கினால், இரைச்சல்தான் மேலே நின்றது.

குழுவை நடத்துகிற கீபோர்டுக்காரர் வாசிப்பை நிறுத்தினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பொறுமை என்பதை யாரோ அவரிடமிருந்து இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. “இதோ பாரு. நகர அரங்கத்துல மாசாமாசம் நிகழ்ச்சி நமக்குன்னு சொல்லியிருக்காங்க. முதல் நிகழ்ச்சி ரெண்டு வாரம் கழிச்சு, சனிக்கிழமை. இந்த இரைச்சலோட நான் மேடை ஏற மாட்டேன். அதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா என் மச்சினன் சும்மாதான் இருக்கான், அவனை உக்கார வச்சுடுவேன்” என்றார்.

“லைட்டு சரியில்ல. கரண்டு சரியில்ல. கிட்டாருக்கு ஒண்ணுமில்ல” என்று அண்ணன் பதில் சொன்னான். அவன் முகம் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டு வினாத்தாளைக் குறை சொன்ன அதே முகம்.

அண்ணி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே மைக்செட்காரர் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனார். அங்கே வரிசையாகக் குமிழ்கள், ஒவ்வொன்றின் கீழேயும் வெள்ளை டேப் ஒட்டி, யாருக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று பேனாவால் ஒரு கோடு. அண்ணனின் குமிழ் கோட்டைத் தாண்டி எங்கேயோ மேலே நின்றது.

“இது எப்பலேர்ந்து இவ்வளவு ஏத்தி வச்சிருக்கீங்க?” என்று அண்ணி கேட்டார்.

“ஒரு ரெண்டு வருஷமா இருக்கும் அண்ணி. அண்ணன் சத்தம் முன்ன மாதிரி வரல. கிட்டாருக்கு வயசாயிடுச்சு போல. நான் ஏத்திக்கிறேன். ஏத்தினா இரைச்சலும் கூடவே ஏறுது, என்ன செய்யறது” என்றார் அவர்.

திரும்பும்போது பேருந்தில் அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “இருபது வருஷமா ஓடுற மோட்டார் திடீர்னு உறுமினா கரண்டைத் திட்டக் கூடாது. லோடைப் பாக்கணும்.”

“புரியற மாதிரி சொல்லுங்க அண்ணி.”

“கை” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு ரெண்டு வருஷம் முன்பு அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். தகடு வைத்துக் கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்த மறு வாரமே, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று அறிவித்துவிட்டு மேடைக்குப் போய்விட்டான். யாராவது “கை எப்படி இருக்கு?” என்றால் வள்ளென்று விழுவான். கம்பியைத் தட்டுகிற கை அதுதான். அதில் பலம் குறைந்தால் சத்தம் குறையும், சத்தம் குறைந்தால் குமிழ் ஏறும், குமிழ் ஏறினால் இரைச்சல் ஏறும். இவ்வளவுதான் விஷயம். ரெண்டு வருஷமாக ஒரு குழுவே விளக்கையும் மின்சாரத்தையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

“இன்னிக்கே நான் அவன்கிட்ட கேக்கறேன்” என்று கிளம்பினேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அண்ணி என் முழங்கையைப் பிடித்தார். “கேட்டா என்ன செய்வார் தெரியுமா? கிட்டாரை உறையில போட்டுப் பரண்ல ஏத்திடுவார். கை போன ஆளுன்னு ஒருத்தர் சொல்லிட்டா அப்புறம் தொடவே மாட்டார். முதல்ல கிட்டாரைப் பாப்போம்.”

வீட்டுக்கு வந்ததும் கிட்டாரைக் கழற்றினார். கம்பிகளுக்குக் கீழே பதிந்திருக்கும் சின்னக் கட்டை போன்ற பொருளுக்கு பிக்கப் என்று பெயர். அதுதான் கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கி அனுப்புகிறது. அண்ணி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கலகலவென்று சிரித்தார். “இது என்னமோ பெரிய விஞ்ஞானம்னு இத்தனை வருஷம் பயந்துகிட்டிருந்தேன். காந்தத்தைச் சுத்தி ஒரு காயில். நம்ம காயில்தான்!”

அதற்கப்புறம் ரெண்டு நாள் கைப்பேசியில் வெளிநாட்டுக்காரர்களின் காணொளிகளாகப் பார்த்தார், சத்தத்தை அணைத்துவிட்டு. அவர்கள் பேசுவது புரியாது, கை செய்வது புரியும், பேச்சு எதற்கு என்றார். ஒற்றைக் காயில் இருந்தால் அறையில் இருக்கிற விளக்கு, மின்கம்பி எல்லாவற்றின் இரைச்சலையும் அது சேர்த்துப் பிடிக்கும். அதற்கு மருந்து ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில். ரெண்டு காயிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கொன்று எதிராக இணைத்துவிட வேண்டும். வெளி இரைச்சல் ரெண்டிலும் ஒரே மாதிரி நுழைவதால், எதிரெதிராக மோதி அடங்கிவிடும். அப்படியானால் கம்பியின் நாதமும் அடங்கிவிடாதா என்று கேட்டேன். அடங்காதாம். அடியில் இருக்கும் காந்தத்தின் வடமுனை ஒரு காயிலுக்கும் தென்முனை இன்னொன்றுக்கும் போவதால், நாதம் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகும்.

எனக்கு விளங்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். “ஒரு வீட்ல மாமியாரும் நாத்தனாரும் ஒரே சமயத்துல எதிரெதிரா நின்னு கத்தினா, மருமக காதுல ஒண்ணும் விழாது பாரு. அதான் ஹம்பக்கர்” என்றார். நாத்தனார் நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்து வட்டியோடு வாங்கிக்கொண்டேன்.

அண்ணனிடம், இரைச்சல் வராத பிக்கப் ஒன்று கட்டித் தருகிறேன் என்று மட்டும் சொன்னார். “பம்புசெட்டு கட்டுற கையால கிட்டாருக்கா? ஸ்விட்சைப் போட்டா தண்ணி வரப் போவுது” என்று அவன் சிரித்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்கும் வேறு வழி இல்லை.

கம்பி கடையிலேயே கிடைத்தது. நாலு வருஷத்துக்கு முன்பு முதலாளி 0.6 மில்லிமீட்டர் கம்பி கேட்டு எழுதியதில் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சுழியம் கூடி, 0.06 கம்பி ஒரு சுருள் வந்து இறங்கியிருந்தது. தலைமுடியைவிட மெல்லிசு. எந்த மோட்டாருக்கும் ஆகாமல் அலமாரியில் தூங்கியது. “யாராவது எடுத்துப் போங்கம்மா, அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு எரியுது” என்று முதலாளி கையோடு கொடுத்துவிட்டார். காயில் சுற்றும் சட்டங்களை ஒரு இசைக்கருவிக் கடையின் உடைசல் பெட்டியிலிருந்து எடுத்தார். கடையில் இருக்கும் கை மெஷினில் சுற்றினார். கம்பி ஏழு இடத்தில் அறுந்தது, ஏழு இடத்திலும் பற்றவைத்து ஒருவழியாக முடித்தார்.

அப்புறம் செய்ததை மோட்டார் காயில் கட்டுகிறவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கட்டி முடித்த காயிலுக்கு வார்னிஷ் ஊற்றி, மதியம், வேறு மூன்று மோட்டார்களோடு சேர்த்து மின் அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். மோட்டார் இரும்பு, அந்தச் சூடு அதற்கு ஒன்றுமே இல்லை. பிக்கப்பின் சட்டமோ பிளாஸ்டிக். மாலையில் திறந்து பார்த்தால், ரெண்டு சட்டமும் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, யாரோ மென்று துப்பியதுபோல் கிடந்தன.

அதை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து என் வெட்டு மேஜைமேல் வைத்தார். ஆறு நாள் வேலை. நிகழ்ச்சிக்கு இன்னும் ஏழு நாள்தான் இருந்தது. “இருபத்தாறு வருஷமா பழகின கை. மூளையை ஒரு வார்த்தை கேக்காம செஞ்சிருச்சு” என்று தன் வலது கையைத் தானே ஒரு அடி அடித்தார். அண்ணன் படியிறங்கி வந்து பொட்டலத்தைப் பார்த்தான். கிண்டல் செய்வான் என்று நினைத்தேன். “விடு, பரவாயில்ல. அந்த மச்சினன் நல்லாத்தான் வாசிப்பான்” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். அவன் கிண்டல் செய்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அண்ணி பொட்டலத்தை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “உன் மெஷின் வேணும்” என்றார்.

என் தையல் மெஷினை யாரும் தொடக் கூடாது. அண்ணன் ஒருமுறை அதன்மேல் தண்ணீர்ச் செம்பை வைத்ததற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். ஆனால் அன்று மறு பேச்சுப் பேசாமல், தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

மெஷினின் கைச்சக்கரத்துக்குப் பக்கத்தில் பாபினுக்கு நூல் சுற்றும் கம்பி ஒன்று இருக்கும். அதில் ஒரு மரத்துண்டைப் பொருத்தி, புதுச் சட்டத்தை அதில் மாட்டினார். இம்முறை சட்டத்தை அவரே செய்தார். சுவிட்ச் போர்டுக்குப் போடுகிற ஹைலம் தகட்டை அறுத்து, அரம் போட்டு, கிட்டார் கம்பிக்கு ஒன்றாக ஆறு ஆறு துளை இட்டு, தலை வெட்டிய ஆணிகளை இறக்கினார். காந்தத்துக்காக என் பீரோக் கதவில் இருந்ததைக் கழற்றிக்கொண்டார். இன்றும் அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது, நானும் வேறு காந்தம் வாங்கவில்லை. சுற்று எண்ணுவதற்கு, துணிக் கணக்குப் போட நான் வைத்திருக்கும் கால்குலேட்டரின் பொத்தானை ஒரு சின்னக் காந்த சுவிட்சோடு கம்பியால் இணைத்தார். சட்டம் ஒரு சுற்றுச் சுற்றினால் திரையில் ஒரு எண் கூடும்.

“நீங்கதான் மனசுலேயே எண்ணுவீங்களே?” என்றேன்.

“இது ஆயிரக்கணக்குல போகும். நானும் மனுஷிதானே” என்றார். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் எண்ணினார். கருவியை அவர் நம்பவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். நான் கால் மிதியை மெதுவாக மிதிக்க, அவர் கம்பியை விரல் நடுவே பிடித்து வழிநடத்தினார். முந்நூறில் அறுந்தது. மறுபடி ஆரம்பித்தோம். ஆயிரத்து நூறில் அறுந்தது. மூன்றாம் முறையும் அறுந்தபோது என் கண்ணில் பட்டுவிட்டது. மோட்டார் கம்பியை இழுத்துப் பிடித்தே பழகிய விரல்கள் இதையும் இழுத்துப் பிடித்தன. சட்டமோ நீளமானது, ஒவ்வொரு சுற்றிலும் முனை வரும்போது ஒரு வெட்டு வெட்டும். மெல்லிய பட்டுநூலைப் பாபினில் ஏற்றுகிறவளுக்கு இது தெரியாதா? ஒரு துண்டு வெல்வெட்டை வெட்டி இரண்டாக மடித்துக் கொடுத்தேன்.

“இதுக்குள்ள கம்பியை ஓட விடுங்க அண்ணி. நீங்க பிடிக்கவே வேணாம். வெல்வெட்டு பிடிச்சுக்கும்.”

அண்ணி வெல்வெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றார். நான் மிதிப்பதிலேயே குறியாக இருந்தேன்.

அதன்பின் கம்பி அறுந்துபோகவில்லை. ஐயாயிரம் வந்ததும் மிதியை நிறுத்தினேன். காணொளிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள் என்று அவரே சொல்லியிருந்தார்.

“நிறுத்தாதே. போ” என்றார்.

“எவ்வளவு?”

“ஆறாயிரத்து இருநூறு.” சட்டம் நிறைந்து கம்பி விளிம்பைத் தொடுகிற வரை போனார். முடித்துவிட்டுத்தான் விளக்கினார். “சுத்து கூடினா, மெதுவா தட்டினாலும் பெரிசா கேக்கும். அவர் கை எவ்வளவு தருதோ அது போதணும். மிச்சத்தைக் காயில் பாத்துக்கணும்.”

“நாதம் மாறிடாதா?”

“கொஞ்சம் கூர்மை குறையும். குறையட்டும், உங்க அண்ணனோட கூர்மையை நான் பதினெட்டு வருஷமா பாத்தாச்சு” என்றார். சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு மனிதனின் கை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை, அந்த மனிதனே சொல்ல மாட்டேன் என்கிறபோது, இன்னொருத்தி சுற்றுக் கணக்கில் அளந்து வைத்திருக்கிறாள். இப்படி ஒருவர் என்னை அளந்ததில்லை. பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ரெண்டாவது காயிலும் முடிந்தது. ரெண்டையும் இணைக்கும் இடத்தில்தான் புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவார்களாம், எந்த முனையை எதோடு சேர்ப்பது என்று. அண்ணி யோசிக்கவே இல்லை. மோட்டாரில் பக்கத்துப் பக்கத்துக் காயில்களை முடிவோடு முடிவு சேர்த்துக் கட்டுகிற அதே வழக்கம்தான், ஒரே தடவையில் சரியாக வந்தது. அடுப்புப் பக்கம் போகவில்லை. வார்னிஷுக்குப் பதிலாக, சுடுநீரில் வைத்த பாத்திரத்தில் மெழுகுவத்திகளையும் நான் நூலுக்குத் தடவுகிற தேன்மெழுகையும் உருக்கி, அதில் முக்கி எடுத்தார். உள்ளே இருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. அது நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், தேநீர் குடிக்கக்கூட எழவில்லை. கிட்டாரில் பொருத்தியும் கொடுத்தார், ஆனால் வீட்டில் ஒலிபெருக்கி இல்லாததால் அரங்கத்தில்தான் வாசித்துப் பார்க்க முடியும்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அரங்கத்தில் ஒலிச் சோதனை. நானும் அண்ணியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். வாசல் பக்கம் கிட்டார் பையோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கீபோர்டுக்காரரின் மச்சினன். எதற்கும் இருக்கட்டும் என்று வரச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அவரைப் பார்த்ததையும் பார்க்காத மாதிரி மேடை ஏறியதையும் நான் பார்த்தேன்.

அரங்கத்தின் விளக்குகள் அத்தனையும் எரிந்தன. அண்ணன் வயரைச் செருகினான். ஒரு சத்தமும் இல்லை. கீபோர்டுக்காரர் திரும்பி, “வயரை மாட்டு முதல்ல” என்றார்.

“மாட்டியாச்சு” என்றான் அண்ணன்.

மேடையில் இருந்த எல்லோரும் ஒரு நிமிடம் அந்த அமைதியைக் கேட்டார்கள். மைக்செட்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். நான் அண்ணியின் தொடையில் கிள்ளினேன்.

அப்புறம் அண்ணன் வாசித்தான். சும்மா வாசிக்கவில்லை, ஓங்கி அடித்தான். வாசலில் நிற்கிற ஆளுக்குக் கேட்க வேண்டும் என்று அடித்தான், ரெண்டு வருஷமாக இல்லாத பலத்தை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டு. ஆறாயிரத்து இருநூறு சுற்றும் அந்த அடியை அப்படியே வாங்கிப் பெருக்கின. நாதம் கிழிந்தது.

“இரைச்சல் போச்சு, சரி. ஆனா இது என்ன, தகரத்தைப் போட்டு உதைக்கிற மாதிரி?” என்றார் கீபோர்டுக்காரர்.

அண்ணன் இன்னும் வேகமாக அடித்தான். கீழுதட்டைக் கடித்திருந்தான். வலி என்று எனக்குத் தெரிந்தது. நாதம் இன்னும் கிழிந்தது. கீபோர்டுக்காரர் கண்ணை மூடித் திறந்து, வாசல் பக்கம் திரும்பினார். எல்லாம் கைவிட்டுப் போகிறது, நல்லதுக்காகக் கட்டியதே அவன் தலையில் விடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அண்ணி எழுந்தார். மேடைப் படியேறி நேரே அவன் முன்னால் போய் நின்றார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் பக்கத்தில் மைக் திறந்திருந்தது, அரங்கம் முழுக்கக் கேட்டது.

“மெதுவா வாசிங்க. மெதுவா வாசிக்கிற கைக்குத்தான் கட்டியிருக்கேன்.”

“என்ன சொல்ற?”

“முன்ன இருந்த கைக்குக் கட்டல. இப்ப இருக்கிற கைக்குக் கட்டியிருக்கேன்.”

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவான் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். வார் மேல் அவன் கை போகவும் போனது.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்று கேட்டான்.

“கட்டுப் பிரிச்ச அன்னிலேர்ந்து. தண்ணி டம்ளரை ரெண்டு கையால பிடிச்சீங்க.”

“ஏன் கேக்கல?”

“நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்.”

ரெண்டு வருஷம். நான் பேருந்தில் கண்டுபிடித்ததை அவர் ரெண்டு வருஷமாக மனதில் வைத்துக்கொண்டு, அவன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். எனக்கு அவ்வளவு பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் கிடைக்காது.

அண்ணன் வாரிலிருந்து கையை எடுத்தான். மணிக்கட்டை ஒருமுறை தளர்த்திவிட்டுக் கம்பிமேல் வைத்தான். தூசி தட்டுவது போல, அவ்வளவு லேசாகத் தட்டினான். அந்த நாதம் முழுசாக, கனமாக எழுந்து கடைசி வரிசை வரை போனது. ஒரு கீறல் இல்லை. ரெண்டாவது முறை இன்னும் லேசாகத் தட்டினான். அதுவும் போனது. பாடகி கையிலிருந்த காகிதத்தைத் தாழ்த்திவிட்டு அவனைப் பார்த்தார்.

அவன் மைக்குக்குக் குனிந்தான். “என் மணிக்கட்டு பழைய மாதிரி இல்ல. இனிமே வராது. இப்படித்தான் வாசிப்பேன். போதுமா, போதாதா, நீங்களே சொல்லுங்க” என்றான். என் அண்ணன் தன்னைப் பற்றி உண்மை பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

கீபோர்டுக்காரர் கட்டைகளிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “அடப்பாவி, இதைச் சொல்லாம ரெண்டு வருஷமா மைக்செட்டுக்காரனை என்கிட்ட திட்டு வாங்க வச்சியே” என்று கத்தினார். வாசல் பக்கம் கையைக் காட்டி, “மாப்ளே, நீ வீட்டுக்குப் போ, அக்காகிட்ட மதியம் வந்துடறேன்னு சொல்லு” என்றார். அப்புறம் முதல் பாட்டின் சுருதியைப் பிடித்தார்.

அண்ணி படியிறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் டிரம்ஸுக்கு இடப்பக்கம் நின்று என் அண்ணன் அன்று மாலை நிகழ்ச்சியில் பதினோரு பாட்டுக்கு வாசித்தான். ஒன்றில்கூட ஓங்கி அடிக்கவில்லை.